புருவத்தில் நாற்பத்து மூன்று

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, உங்கள் துப்பட்டாவைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக இழுத்து வைத்துக்கொள்ள முடியுமா? அழகான துப்பட்டாதான். நன்றாக மினுங்குகிறது. அந்த மினுக்கம்தான் என் மேல் படக்கூடாது. இன்று திங்கட்கிழமை. பத்தரை மணிக்கு என் முகத்தை எண்ணுவார்கள்.

ஆமாம், எண்ணுவார்கள். பார்ப்பார்கள் என்பதை வாய் தவறி அப்படிச் சொல்லவில்லை. சிரிக்கலாம், பரவாயில்லை. முதலில் நானும் சிரித்தேன்.

சமாதானபுரத்தில் இந்த டவுன் பஸ் ஆள் ஏறும்வரை நிற்கும். நேரம் இருக்கிறது, சொல்கிறேன். என் பெயர் சண்முகவடிவு. பெண்கள் கல்லூரி வேதியியல் லேபில் முப்பத்தோரு வருஷம் உதவியாளராக இருந்தேன். பி.எஸ்ஸி. படித்தவள்தான். ஐம்பத்தெட்டு வயதானதும் சந்தன மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையைச் சுவரில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், பிரம்பு நாற்காலி என் உருவத்துக்கே வளைந்துபோயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் டெலிபோன் ஆபீசில் இருந்தவர். இப்போது குறுக்கெழுத்தில் இருக்கிறார். பேப்பரை விரித்தால் நிமிர மாட்டார். நான் எதிரில் இருக்கிறேனா, எழுந்து போய்விட்டேனா என்று அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் கல்லூரியிலிருந்து ஜெபசீலி மேடம் போன் செய்தார். பேராசிரியைதான், ஆனால் சின்ன வயது.

"வடிவக்கா, ஒரு பிராஜெக்ட் வந்திருக்கு. கை சுத்தமான ஆள் வேணும். வாரியளா?"

மறுநாள் வாட்ச்மேனுக்கு முன்பே நான் வாசலில் நின்றேன்.

பிராஜெக்ட் என்னவென்றால், முகம் கழுவும் கிரீம்களில் குருணை குருணையாக ஏதோ இருக்குமே, தேய்த்தால் நறநறவென்று, அதை எண்ணுவது. அதில் பல குருணைகள் பிளாஸ்டிக்காம். முகத்தைக் கழுவினால் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடையிலிருந்து ஆற்றுக்குப் போகிறது, மீன் தின்கிறது, மீனை நாம் தின்கிறோம். ஒரு டியூபில் எத்தனை இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைகளில் ஐம்பது விதம் வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து கிராமாக மூன்று தடவை எடுத்து, வெந்நீரில் கரைத்து, வடிதாளில் வடித்து, காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே எண்ணுவோம். சந்தேகமாக இருந்தால் ஊசியைச் சுட வைத்துத் தொடுவோம். உருகினால் பிளாஸ்டிக். உருகாவிட்டால் வால்நட் ஓடு, அல்லது உப்பு.

எண்ணுவது சபீகா. மேலப்பாளையத்துப் பிள்ளை, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். கழுவுவது, வடிப்பது என் வேலை. அதோடு மேடம் எனக்கென்று தனியாக ஒரு வேலை கொடுத்தார். பெயர் பிளாங்க். அதாவது கிரீம் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை எடுத்து, அதே மாதிரி சுட வைத்து, அதே மாதிரி வடித்து, அதே மாதிரி எண்ணுவது. அதில் பூஜ்யம் வர வேண்டும். அதில் ஏதாவது வந்தால், லேபிலேயே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மற்ற எண்ணிக்கை எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஒண்ணுமில்லைன்னு நிரூபிக்கணும்க்கா. அதான் இதுல கஷ்டமான வேலை" என்றார் மேடம்.

எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா. ஒன்றுமில்லாததை அளக்க ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருத்தி முழுசாக எதிரே உட்கார்ந்திருந்தாலும் பார்க்க ஆள் இல்லை. இங்கே வெறும் தண்ணீருக்கு மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இந்த வேலை இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரம் முதல் பிளாங்க் செய்தேன், பதினேழு வந்தது. நீலக் குருணை பதினேழு.

சரி, முதல் தடவை. அடுத்த வாரம் இருபத்தொன்று. அதற்கடுத்த வாரம் ஆரஞ்சு நிறத்தில் பன்னிரண்டு. மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மார்ச்சில் சென்னையிலிருந்து மூன்று நிபுணர்கள் வருவார்கள், அதற்குள் பூஜ்யம் காட்டாவிட்டால் பிராஜெக்டை இழுத்து மூடிவிடுவார்கள் என்றார். மூடினால் நான் எங்கே போவேன்? பிரம்பு நாற்காலிக்குத்தான்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? முதலில் மின்விசிறியை நிறுத்தினேன். பாளையங்கோட்டை வெயிலில், ஜன்னலையும் அடைத்து. எல்லாரும் பருத்தித் துணிதான் கட்ட வேண்டும் என்று மேடமே சட்டம் போட்டிருந்தார், ஏனென்றால் நைலான், பாலியெஸ்டர் எல்லாம் நூல் நூலாக உதிருமாம். நான் அதற்கு மேலே போனேன். பெருக்குகிற அம்மாளின் பிளாஸ்டிக் துடைப்பத்தைப் பிடுங்கி ஈர்க்குமாறு கொடுத்தேன். தண்ணீர் கேனை மாற்றிக் கண்ணாடி ஜாடி வைத்தேன். சபீகாவின் பொத்தான்களைப் பார்த்தேன், எல்லாம் பிளாஸ்டிக். பாவம், அவள் அம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துவிட்டு நாடா தைத்துக் கொடுத்தார்களாம். பிரின்சிபால் ஒரு நாள் எட்டிப்பார்க்க வந்தார், ஜரிகைப் புடவை. வாசலிலேயே நிறுத்திவிட்டேன். முப்பத்தோரு வருஷம் அந்த அம்மாளைக் கண்டால் சுவரோடு ஒட்டி நின்றவள் நான்.

ஒரு நோட்டும் போட்டேன். லேபுக்குள் நுழைகிறவர்கள் காலையில் முகத்துக்கு என்ன போட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் எழுதினார், சபீகா எழுதினாள், கேஸ் சிலிண்டர் மாற்ற வந்தவர்கூட 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். நான் 'பாசிப்பயறு மாவு' என்று எழுதினேன். சின்ன வயதிலிருந்து என் முகத்துக்கு அதுதான்.

முதல் வாரத்திலிருந்தே அந்த டியூப்கள் மிச்சப்பட்டன, அது வேறு விஷயம். நூறு கிராம் டியூபில் பதினைந்து கிராம்தான் எடுக்கிறோம். மிச்சத்தை மூடி ஒட்டி, சிவப்பு வாளியில் போட வேண்டும், ஆற்றுக்குப் போய்விடாமல் தனியாக எரிக்க அனுப்புவார்களாம். வாளியில் போடுவது என் பொறுப்பு. ரோஜா வாசனை, ஆரஞ்சு வாசனை, வெள்ளரி வாசனை, முக்கால் டியூப் முக்கால் டியூபாக. எப்படி மனசு வரும்? பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆற்றுக்குப் போகக்கூடாது என்பதுதானே சட்டம். நான் அதை முகத்தில்தான் போட்டேன்.

நோட்டில் ஏன் எழுதவில்லை என்று சபீகா அப்புறம் கேட்டாள். சின்ன வயதிலிருந்து ஒன்று போடுகிறவள், நடுவில் எட்டு மாதம் வேறு எதையோ போட்டால் அதைப் போய் எழுதுவார்களா?

ஒன்று சொல்ல வேண்டும், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. யாருக்குத் தெரிந்தது? வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன புதிது. ஒரு நாள் காபியை வாங்கும்போது, "வடிவு, ஒன் புருவத்துல என்னமோ நீலமா மினுங்குது" என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் எல்லாமே நீலமாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அவர் தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டேன். இரண்டு வாரம் கழித்து, "இப்ப ஆரஞ்சா இருக்கு" என்றார். பயந்துபோய் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்றார். அப்படிப்பட்ட மனிதர். முகம் தெரியாது, நிறம் மட்டும் தெரியும்.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது குடையை வைத்துக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பார். மாலைப் பேப்பர் வாங்க வந்தேன் என்பார். பேப்பர் கடை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு வழி கூட மறந்துபோகிறது.

எங்கே விட்டேன்? ஆங், ஆரஞ்சு. ஒரு நாள் சபீகா தயங்கித் தயங்கி வந்தாள்.

"வடிவக்கா, கோவிச்சுக்கிடாதிய. போன வாரம் நாம நீலம் செஞ்சோம், இந்த வாரம் பிளாங்க்ல நீலம். ஆரஞ்சு செஞ்சோம், அடுத்த வாரம் பிளாங்க்ல ஆரஞ்சு. குடுவையில ஒட்டிக்கிட்டு வருதோ?"

குடுவையில். நான் கழுவிய குடுவையில். அம்மா, அந்தக் கல்லூரியில் நான் கழுவிய குடுவையை யாரும் இரண்டாவது தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது கிடையாது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் ஏழு தடவை கழுவினேன். கழுவிவிட்டுப் புனலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குமே, அதன் மேலே குனிந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். விசிறி இல்லாத வேர்வை நெற்றியிலிருந்து வழியும், புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி குனிவேன். எது வந்து விழுகிறது என்று நானும் பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வெறி. அந்த வாரம் முப்பத்தொன்று.

பிப்ரவரியில் கோவில்பட்டியில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. போகும்போது சபீகாவிடம் பிளாங்கை ஒப்படைத்தேன், பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி. திரும்பி வந்தால் அவள் வாசலுக்கே ஓடி வருகிறாள். "அக்கா, ரெண்டு நாளும் பூஜ்யம்."

எட்டு மாதம் நான் குனிந்து குனிந்து தேடிய பூஜ்யம். நான் ஊரில் இல்லாத நாளில் வந்திருக்கிறது. எனக்கு என்ன தோன்றும்? அந்தப் பிள்ளை பொய்யாக எழுதிவிட்டாள் என்று தோன்றியது. நேரே பிரின்சிபால் அறைக்குப் போய்ச் சொன்னேன், இல்லாததை எழுதியிருக்கிறாள் என்று. பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இல்லைன்னுதான எழுதியிருக்கா?" என்றார். அவருக்கு வேதியியல் தெரியாது, வரலாறு.

சபீகாவின் பட்டத்துக்கே ஆபத்து வந்துவிட்டது. பொய்க் கணக்கு என்று ஒரு பேச்சு வந்தால் அப்புறம் எந்தக் கல்லூரியிலும் சேர்க்க மாட்டார்களாம். அவள் அழவில்லை. நாடா தைத்த அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். ஜெபசீலி மேடம்தான் ஒரு வழி சொன்னார். ஒரு நாளைக்கு ஒருவர் மட்டும் லேபுக்குள் போக வேண்டும், தனியாக பிளாங்க் செய்ய வேண்டும். முதல் நாள் சபீகா. பூஜ்யம். இரண்டாம் நாள் மேடம். பூஜ்யம். மூன்றாம் நாள் நான். இருபத்திரண்டு.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

மேடம் என்னை ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார வைத்தார். வட்ட விளக்கோடு ஒரு பூதக்கண்ணாடி இருக்கும், அதை இழுத்து என் முகத்துக்கு நேரே வைத்தார். "கண்ண மூடிக்கோங்கக்கா" என்றார். மூடிக்கொண்டேன். மேடத்தின் மூச்சு என் கன்னத்தில் பட்டது. இங்கே பார், அங்கே பார் என்று சபீகாவிடம் கிசுகிசுத்தார். வலது புருவம், இடது புருவம், மூக்கின் ஓரம், மறுபடி வலது புருவம். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் புருவம், புதர் மாதிரி. கால் மணி நேரம் இருக்கும். எனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. சொன்னால் வெட்கம், முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"நாப்பத்தி மூணு" என்றாள் சபீகா. "நீலம் இருபது, ஆரஞ்சு பதினொண்ணு, வெள்ளை எட்டு, பச்சை நாலு."

மேடம் ஒரே ஒரு குருணையை எடுத்து, சுட்ட ஊசியால் தொட்டார். உருகியது.

"வடிவக்கா, முகத்துக்கு என்ன போடுதிய?"

"பாசிப்பயறு மாவு."

மேடம் மூலையில் இருந்த சிவப்பு வாளியைப் பார்த்தார். வாளி பளிங்கு மாதிரி இருந்தது. நான்தான் தினமும் கழுவி வைக்கிறேனே.

"இவ்வளவு நாளா அது காலியாவே இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். "நீங்க எரிக்கக் கொண்டுபோய்ப் போடுறியன்னு நெனச்சேன்."

"போடத்தான் செஞ்சேன்" என்றேன்.

சபீகா என்னைப் பார்த்து, "என்னையக் கள்ளின்னு சொல்லிட்டியளே அக்கா" என்று மெல்லச் சொன்னாள். மறுநாள் ஒரு பாக்கெட் நேந்திரம் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்தாள். அடுத்த வாரமும் மேஜை மேலேயே இருந்தது, சிக்கனமான பிள்ளை. அதெல்லாம் அவள் மறந்துவிட்டாள். இப்போது அக்கா என்று கூப்பிடுவதில்லை, நான் உள்ளே வந்தால் "சாம்பிள் வந்தாச்சு" என்பாள். செல்லம்தான்.

மார்ச்சில் நிபுணர்கள் வந்தார்கள். மேடம் எதையும் மறைக்கவில்லை. அறிக்கையில் ஆங்கிலத்தில் என் புருவத்தைப் பற்றி முழுசாக ஒரு பத்தி எழுதியிருந்தார். என் பெயர் இல்லை, புருவம் மட்டும். அதுவே பெரிசு. படித்ததும் மூன்று பேரும் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று பெரிய மனிதர்கள், கோட்டுப் போட்டவர்கள், வரிசையாக வந்து குனிந்தார்கள். வயதில் மூத்தவர் நிமிர்ந்து, முகம் கழுவிய பிறகும் இது எத்தனை நாள் தங்குகிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அது தெரிய வேண்டியதுதான் என்று பிராஜெக்டை நீட்டித்துவிட்டார்கள்.

பிராஜெக்டைக் காப்பாற்றியது யார்? யோசித்துப் பாருங்கள். எட்டு மாதம் ஏழு தடவை கழுவிய குடுவை காப்பாற்றவில்லை.

ஆனால் நியாயம் எங்கே இருக்கிறது? அன்றிலிருந்து என்னைக் குடுவையைத் தொட விடுவதில்லை. லேபுக்குள் மற்ற நாள் வரக்கூடாது. திங்கட்கிழமை மட்டும் பத்தரைக்கு வந்து, வெளி வராந்தாவில் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார வேண்டும். முகத்தில் வெறும் தண்ணீர் தவிர ஒன்றும் படக்கூடாது, தேய்க்கக்கூடாது. எதையும் எடுக்க மாட்டார்கள், எண்ண மட்டும் செய்வார்கள். சபீகா கண்ணாடியைப் பிடிப்பாள், மேடம் எண்ணுவார். எனக்கு ஒரு நம்பரும் உண்டு, ஐம்பத்தொன்று. ஐம்பது டியூபுக்கு அடுத்தது நான்.

அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே அம்மா, அதற்காகச் செவ்வாய்க்கிழமையிலிருந்து காத்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டால் போதும். விளக்கின் சூடு இமையில் படும். இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். வாரம் முழுக்க யாரும் பார்க்காத முகம் அது.

நேற்றுக்கூட எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இப்ப ரொம்பக் கொறஞ்சுபோச்சு வடிவு, அந்த வலது ஓரத்துல மட்டும் ரெண்டு இருக்கு" என்றார். எதைச் சொன்னாரோ. குறுக்கெழுத்தில் கட்டம் பாக்கி இருந்திருக்கும்.

போன திங்கட்கிழமை எண்ணிக்கை என்ன தெரியுமா? இரண்டு. மார்ச்சில் நாற்பத்து மூன்று. சோதிக்க எடுத்தது ஒன்று போக, அடுத்த வாரம் முப்பத்தொன்று, பிறகு பத்தொன்பது, பிறகு ஒன்பது, பிறகு ஐந்து, பிறகு இரண்டு. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "வார திங்கள் பூஜ்யம் வந்துரும்க்கா. அத்தோட முடிச்சிரலாம். ஒங்களையும் அலைக்கழிச்சுட்டோம், இனி வீட்ல நிம்மதியா இருங்க" என்றார். சபீகா அப்போதே நோட்டில் கடைசிக் கட்டத்தைக் கோடு போட்டு வைத்துவிட்டாள். உள்ளே எழுத வேண்டியது ஒரு வட்டம்தான் பாக்கி.

கிளம்பிவிட்டதா பஸ்? நல்லது. நான் வழக்கமாக இறங்குவது முருகன்குறிச்சி. இன்றைக்கு மார்க்கெட்டிலேயே இறங்கிவிடுவேன். அங்கே ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது, ஒன்பதரைக்குத் திறப்பார்கள். வாங்குவதும் எளிதில்லை இப்போது. எல்லாக் கம்பெனியும் வால்நட் ஓடு, பாதாம் ஓடு என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள், டியூபின் பின்னால் பொடி எழுத்தில் பாலிஎத்திலீன் என்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் என்னைப் பார்த்து, "கவலைப்படாதீங்கம்மா, இதுல பிளாஸ்டிக் கிடையாது" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். உங்களுக்கு ஏதாவது பெயர் தெரியுமா? நீலமாக இருக்க வேண்டும். பச்சை கூடாது. என்னிடம் மிச்சமிருக்கிற இரண்டும் நீலம், திடீரென்று பச்சை வந்தால் சபீகா கண்டுபிடித்துவிடுவாள், கூர்மையான பிள்ளை.

அப்படிப் பார்க்காதீர்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. இப்போதும் நோட்டைத் தொடப் போவதில்லை. இருப்பதைத்தான் எண்ணப் போகிறார்கள், எண்ணுவதைத்தான் எழுதப் போகிறார்கள்.

நிறையப் போட மாட்டேன், பயப்படாதீர்கள். ஒரு ஐந்து. ஐந்துக்கு மேல் போனால் இயற்கையாக இருக்காது. விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, வலது புருவத்தின் ஓரத்தில். டியூப் முழுக்க மிச்சம் இருக்கும், அளவாக வைத்துக்கொண்டால் என் காலம் வரைக்கும் வரும்.